பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி: போடலாமா, காத்திருக்கலாமா?

கேள்வி | 8 நவம்பர் 2021

அமெரிக்காவில் 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஃபைசர் ஊசி போட அனுமதி கொடுத்துட்டாங்க. அடுத்து ஒவ்வொரு நாடா வரும். என் பொண்ணுக்கு அஞ்சு வயசு. சின்னப் பிள்ளைங்களுக்குக் கொரோனா வந்தா ரெண்டு நாள் சளி, அவ்வளவுதான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்புறம் எதுக்கு இந்த அவசரம்? நம்ம பிள்ளைங்க என்ன சோதனை எலியா? போடப்போறவங்க யாராவது காரணம் சொல்லுங்க.

9 நவம்பர் 2021

எனக்கு ஆறு வயதில் ஒரு பையன், அடுத்த மாதம் ஒரு வயது முடியப்போகும் பெண் குழந்தை. பையனுக்குப் போடலாம் என்று முக்கால்வாசி முடிவு செய்துவிட்டேன். மீதிக் கால்வாசிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

‘சோதனை எலி’ என்ற சொல்லைப் படித்ததும் கோபம் வந்தது. அந்தச் சோதனையில் சேர்ந்தவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள். அந்த அம்மா அப்பா கையெழுத்துப் போட்டதால்தான் இன்று நமக்கு யோசிக்க ஏதாவது இருக்கிறது. மொத்தம் 2,268 பிள்ளைகள். மூன்றில் இரண்டு பங்குப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு வெறும் உப்புநீர். பெரியவர்களுக்கு 30 மைக்ரோகிராம் போடும் இடத்தில் இவர்களுக்கு 10 மைக்ரோகிராம். மருந்து போட்டவர்களில் 3 பேருக்கும் உப்புநீர் போட்டவர்களில் 16 பேருக்கும் கொரோனா வந்தது. ஐந்தில் நான்கு பங்கைத் தடுத்திருக்கிறது.

‘ரெண்டு நாள் சளி’ என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்மைதான். எல்லாருக்கும் இல்லை. கடந்த மாதம் வரை அமெரிக்காவில் இந்த வயதில் 8,300 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறார்கள். 94 பேர் இறந்திருக்கிறார்கள். பெரியவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்த்தால் இது ஒன்றுமேயில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பிள்ளைகளின் சாவை ஏன் பெரியவர்களின் சாவோடு வைத்துப் பார்க்க வேண்டும்? பிள்ளைகள் சாகவே கூடாத வயது அது.

சரி, அந்தக் கால்வாசி என்ன? இரண்டாயிரம் பேரை வைத்து, லட்சத்தில் ஒருவருக்கு வரும் பக்கவிளைவைக் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சோதனையாலும் முடியாது. அது லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்ட பிறகுதான் தெரியும். அந்த முதல் லட்சத்தில் என் பையன் இருக்க வேண்டுமா என்று கேட்டால், இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை.

11 நவம்பர் 2021

மேலே எழுதியதில் ஒரு தப்பு. 16-ஐயும் 3-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். மருந்து போட்ட பிள்ளைகள் மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு. எனவே இரண்டு குழுவும் சம அளவாக இருந்திருந்தால் 32-க்கு 3 என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் 90.7 சதவீதம் என்று சொல்கிறார்கள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி.

20 நவம்பர் 2021

அக்கா இரவு பதினொரு மணிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். ‘இதயம் வீங்குதாம். போட்டுடாத.’ அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண். பத்து வருடம் காத்திருந்து பெற்ற பிள்ளை. அவளிடம் எண்களை எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போக எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அன்றிரவு தூக்கமும் வரவில்லை, உட்கார்ந்து படித்தேன்.

இதயத்தசை அழற்சி வருவது உண்மை. யாரும் மறைக்கவில்லை. அதிகம் வருவது பதின்பருவப் பையன்களுக்கும் இருபதுகளில் இருக்கும் ஆண்களுக்கும். இரண்டாவது டோஸுக்குப் பிறகு, சில நாட்களுக்குள் நெஞ்சுவலி தொடங்குகிறது. பெரும்பாலானவர்கள் ஓய்விலும் சாதாரண மருந்திலும் தேறிவிடுகிறார்கள். கொரோனா தொற்றே அதே அழற்சியைக் கொண்டுவரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு மருந்தின் அளவு மூன்றில் ஒன்று, பருவ வயதின் ஹார்மோன்களும் இல்லை. ஆகவே ஆபத்து இன்னும் குறையும் என்று எதிர்பார்க்கிறார்கள். ‘எதிர்பார்க்கிறார்கள்’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன்.

அன்றைக்குப் படித்ததில் எனக்கு உண்மையாகவே தைரியம் கொடுத்தது வேறொன்று. பிரிட்டனின் தடுப்பூசி ஆலோசனைக் குழு செப்டம்பர் 3-ஆம் தேதி, 12 முதல் 15 வயது வரையான ஆரோக்கியமான பிள்ளைகளுக்குப் பொதுவாகப் போடச் சொல்லிப் பரிந்துரைக்கவில்லை. நன்மை ஆபத்தைவிட அதிகம்தான், ஆனால் வித்தியாசம் மிகச் சிறியது என்றது. பத்து நாளில் நான்கு தலைமை மருத்துவ அதிகாரிகளும், பள்ளிப் படிப்பு பாழாவதையும் கணக்கில் எடுத்து, ஒரு டோஸ் போடலாம் என்றார்கள். முதலில் எனக்குத் தலை சுற்றியது. பிறகு புரிந்தது: இவர்கள் சண்டை ‘மருந்தா விஷமா’ என்று இல்லை. நன்மையின் தட்டு எவ்வளவு தாழ்கிறது என்பதில்தான். அந்தச் சண்டைக்குள் நான் எந்தப் பக்கம் விழுந்தாலும் என் பிள்ளை பாதாளத்தில் விழமாட்டான்.

21 நவம்பர் 2021

‘இயற்கையா வர்ற எதிர்ப்பு சக்திதான் நல்லது’ என்று எழுதியவருக்கு: அது வர வேண்டும் என்றால் முதலில் நோய் வர வேண்டும். அதிலிருந்து பிழைத்து வருகிறவர்களின் எதிர்ப்பு சக்தியைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள்.

5 டிசம்பர் 2021

இந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு வாரமாக யோசிக்கிறேன். எண்களிலிருந்து வரவில்லை. எண்கள் எனக்கு மனப்பாடம்.

நேற்று பாத்திரம் தேய்த்துக்கொண்டே என் கணவர் சொன்னார்: “ஊசி போட்டு ஏதாவது ஆனா நாம பண்ணினது. போடாம கொரோனா வந்து ஏதாவது ஆனா அது நடந்தது. அதுதான் பயம்.”

அவ்வளவுதான் விஷயம். இதை ஆராய்ச்சியாகவே செய்திருக்கிறார்கள். 1990-இல் இலானா ரிட்டோவ், ஜொனாதன் பேரன் என்ற இருவர். ஒரு நோய் பத்தாயிரம் பிள்ளைகளில் பத்துப் பேரைக் கொல்லும், அதைத் தடுக்கும் ஊசியும் சிலரைக் கொல்லக்கூடும், எத்தனை பேர் வரை என்றால் உங்கள் பிள்ளைக்குப் போடுவீர்கள் என்று கேட்டார்கள். கணக்குப்படி ஒன்பது வரை சரி சொல்லலாம். நிறையப் பேர் அதற்கு எவ்வளவோ கீழே நின்றுவிட்டார்கள், ஒன்றுகூடக் கூடாது என்றவர்களும் உண்டு. நோயால் பத்துப் பிள்ளைகள் போவதை அவர்கள் மனம் தாங்கியது, தன் கையால் ஒன்று போவதைத் தாங்கவில்லை. அவர்களை முட்டாள்கள் என்று என்னால் சொல்ல முடியாது. என் மனமும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் பிரான்சிஸ் 1736-இல் பெரியம்மையில் இறந்தான். நான்கு வயது. அப்போது ஊசி கிடையாது. அம்மைக் கொப்புளத்தின் சீழைக் கீறலில் வைத்து லேசாக நோயை வரவைக்கும் முறை இருந்தது. பிராங்க்ளின் அதை ஊருக்கெல்லாம் பரிந்துரைத்தவர். தன் பையனுக்கு வயிற்றுப்போக்கு இருந்ததால் அது சரியாகட்டும் என்று தள்ளிப்போட்டார். அதற்குள் அம்மை வந்துவிட்டது. அம்மை குத்தியதால்தான் பையன் செத்தான் என்று வதந்தி பரவ, அவன் இயல்பாக வந்த அம்மையில்தான் இறந்தான் என்று பிள்ளையை இழந்த கையோடு பத்திரிகையில் விளக்கம் போட வேண்டியிருந்தது அவருக்கு. வயதான பிறகும் அந்த வருத்தத்தை எழுதிவைத்திருக்கிறார். செய்து இழந்தாலும் செய்யாமல் இழந்தாலும் வலி ஒன்றுதான், எனவே பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுங்கள் என்று மற்ற பெற்றோருக்குச் சொல்வதற்காகவே எழுதியது.

‘வயிற்றுப்போக்கு சரியாகட்டும்.’ இது எந்த வீட்டிலும் கேட்கிற வார்த்தை.

18 டிசம்பர் 2021

பாப்பாவுக்கு இப்போதைக்கு இல்லை. ஐந்து வயதுக்குக் கீழே 3 மைக்ரோகிராம், அதாவது பெரியவர்கள் அளவில் பத்தில் ஒன்று கொடுத்துப் பார்த்தார்கள். 6 மாதம் முதல் 2 வயது வரை எதிர்பார்த்த அளவு எதிர்ப்பு சக்தி வந்திருக்கிறது. 2 முதல் 4 வயது வரை வரவில்லை. மூன்றாவது டோஸ் சேர்த்துப் பார்க்கப்போகிறோம் என்று நேற்று ஃபைசர் அறிவித்தது.

ஏமாற்றம்தான். ஆனாலும் ‘அவசர அவசரமாகத் திணிக்கிறார்கள்’ என்று இங்கே எழுதியவர்கள் இதையும் பார்க்க வேண்டும். போதவில்லை என்றதும் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் எப்படியும் வந்துவிடும்.

15 ஜனவரி 2022

பையனுக்கு இன்று போட்டாயிற்று.

ஒன்று சொல்ல வேண்டும். அவனுக்கு நான்கு வயதில் ஒரு ஊசிக்கு முன்னால் ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொல்லியிருந்தேன். வலித்தது. பிறகு ஒரு மாதம், மருந்துக் கடைப் பக்கம் போனாலே என் கையை உதறினான். அன்றே தீர்மானித்தேன், இனி இவனிடம் ஊசி விஷயத்தில் பொய் சொல்வதில்லை என்று. இந்தத் தடவை, “வலிக்கும். பத்து எண்றதுக்குள்ள முடிஞ்சிடும்” என்றேன். “நீ எண்ணுவியா, நான் எண்ணணுமா?” என்றான். நீயே எண்ணு என்றேன்.

மடியில் நிமிர்ந்து உட்கார வைத்துக்கொண்டேன். படுக்க வைத்து அமுக்கிப் பிடித்தால் பிள்ளைகளுக்குப் பயம் கூடும். நர்ஸ் மருந்துக் குப்பியை எங்களிடம் நீட்டிக் காட்டினார். “ஆரஞ்சு மூடி, சின்னப் பிள்ளைங்களோடது. பெரியவங்களுக்கு ஊதா. பார்த்துக்கிட்டீங்களா?” நான் கேட்காமலேயே காட்டினார். என் நெஞ்சு படபடப்பு பாதி அங்கேயே இறங்கியது. இரண்டு மாதமாகப் படித்ததெல்லாம் செய்யாததை அந்த ஆரஞ்சு மூடி செய்தது.

அவன் எண்ண ஆரம்பித்தான். ஒன்று, இரண்டு, மூன்று. நான்கில் ஊசி வெளியே வந்துவிட்டது. நர்ஸ் பஞ்சை வைத்து, முடிஞ்சிடுச்சு தம்பி என்றார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு பத்து வரை எண்ணிவிட்டுத்தான் திறந்தான். கண்ணில் நீர், முகத்தில் வெற்றி. “நாலுலேயே முடிஞ்சா ஏன் பத்துன்னு சொன்னே?” என்று வழியெல்லாம் கேட்டான். அங்கேயே பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தோம்.

16 ஜனவரி 2022

ராத்திரி 101 டிகிரி. பாரசிட்டமால் கொடுத்தேன். நெஞ்சில் கை வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டே விடிந்தது. காலையில் பசிக்கிறது என்று எழுந்தான்.

12 பிப்ரவரி 2022

‘மூன்று மாதத்தில் எப்படியும் வந்துவிடும்’ என்று டிசம்பரில் எழுதியது நடக்கப்போவதில்லை. ஐந்து வயதுக்குக் கீழானவர்களுக்கான ஊசி பற்றிய கூட்டத்தை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ நேற்று தள்ளிவைத்துவிட்டது. மூன்றாவது டோஸின் முடிவு வரட்டும் என்கிறார்கள். ஸ்வீடனோ 5 முதல் 11 வயதுக்கே பொதுவாகப் பரிந்துரைக்கவில்லை என்று போன மாதம் சொல்லிவிட்டது. அக்கா அதை எனக்கு அனுப்பி ஒன்றும் எழுதவில்லை. நானும் ஒன்றும் எழுதவில்லை.

3 மார்ச் 2022

இதை எழுத மூன்று நாள் ஆகிவிட்டது.

பாப்பாவைக் காப்பகத்தில் சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தேன். தடுப்பூசி அட்டையின் நகல் கேட்டிருந்தார்கள். அட்டையை எடுத்துப் பிரித்தால், பன்னிரண்டாம் மாதத்து வரிசையில் தேதிக் கட்டம் காலி. தட்டம்மை ஊசி. எம்எம்ஆர் முதல் டோஸ்.

டிசம்பரில் போட வேண்டியது. அந்த வாரம் அவளுக்கு மூக்கு ஒழுகியது, சளி சரியாகட்டும் என்றேன். அடுத்த வாரம் ஒமிக்ரான். கிளினிக்கில் கூட்டத்தில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். அது சரியான பயம்தான். பிறகு மறந்தே போனேன். லேசான சளிக்கு ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

பிராங்க்ளினைப் பற்றி எந்தத் தேதியில் எழுதினேன் என்று மேலே போய்ப் பார்த்தேன். டிசம்பர் 5. அதே மாதம்.

பத்தா முப்பதா மைக்ரோகிராம் என்று இரவெல்லாம் படித்தேன். இன்னும் அனுமதியே வராத ஊசிக்காக ஏங்கினேன். அரை நூற்றாண்டாகக் கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குப் போட்டுப் பார்த்த ஊசி, கைக்கெட்டும் தூரத்தில், கட்டம் காலியாகக் கிடந்தது. தட்டம்மை எப்படிப்பட்டது தெரியுமா? எதிர்ப்பு இல்லாதவர்கள் நடுவில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை ஒட்டும். நோயாளி எழுந்து போன அறையில் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். பிள்ளை ஏற்கனவே மற்ற நோய்களுக்குச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்பு நினைவையும் அழித்துவிட்டுப் போகும். உலகில் 2019-இல் மட்டும் ஏறத்தாழ 2,07,500 பேர் அதில் இறந்தார்கள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே கிளினிக் வாசலில் நின்றேன். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்து, “இந்த மாசம் வர்றவங்க பாதிப் பேர் இப்படித்தான்ம்மா” என்றார். பாப்பாவின் தொடையில் போட்டு, கட்டத்தில் தேதி எழுதி, அடுத்த தேதியைப் பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

எல்லாரும் போய் அட்டையை எடுத்துப் பாருங்கள். இன்றைக்கே. கொரோனா ஊசி பற்றி இங்கே என்ன நினைத்தாலும் சரி.

4 மார்ச் 2022

நேற்றைய குறிப்புக்குப் பிறகு ஏழு பேர் அட்டையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார்கள். நான்கு பேருக்கு ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ஒருவருக்குப் போலியோ சொட்டு.

16 ஜூலை 2022

நேற்று உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் வெளியிட்ட கணக்கு: 2021-இல் உலகம் முழுக்க 2.5 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசி ஏதாவது விட்டுப்போயிருக்கிறது. டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி மூன்றுக்குமான ஊசி) மூன்று டோஸும் போட்டவர்கள் 2019-இல் 86 சதவீதம், 2021-இல் 81. சுமார் முப்பது வருடங்களில் இப்படித் தொடர்ந்து இறங்கியதே இல்லையாம்.

இந்தச் செய்தியைப் போட்டுவிட்டு, தடுப்பூசி எதிர்ப்பாளர்களால்தான் இது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதிதான் உண்மை. கிளினிக் மூடியிருந்தது, ஊழியர்களைக் கொரோனா வேலைக்கு மாற்றினார்கள், மருந்து வந்து சேரவில்லை, ஊரடங்கு, போர். எங்கள் வீட்டு மூன்று மாதமும் அந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். எனக்கு மறுநாள் காலை போய் நிற்க ஒரு வாசல் இருந்தது. அந்த இரண்டரைக் கோடியில் பெரும்பாலோருக்கு அது இல்லை.

ஆனால் மீதிப் பாதி என்னை வேறு விதமாக உலுக்குகிறது. போன வாரம் அக்கா போனில் கேட்டாள்: “கொரோனா ஊசியில இவ்வளவு பேசினாங்களே, அப்ப அந்த மத்த ஊசியெல்லாம் மட்டும் நம்பலாமா?” அவள் பெண்ணுக்குத் தட்டம்மை இரண்டாவது டோஸ் இன்னும் போடவில்லை. புதிய ஊசியின் மேல் வந்த நியாயமான ஒரு சந்தேகம், பழைய ஊசிக்கும் தாவிவிட்டது. நாம் இங்கே ஒருவரை ஒருவர் ‘மூளையில்லாதவர்’, ‘மருந்துக் கம்பெனி ஆள்’ என்று எழுதிக்கொண்டோமே, அதைப் படித்த அம்மாக்களில் எத்தனை பேருக்கு இப்படித் தாவியிருக்கும்?

6 நவம்பர் 2022

பாப்பாவுக்கும் கொரோனா ஊசி போட்டோம், மாடர்னா. இதை ஜனவரியில் இருந்த உறுதியோடு சொல்ல முடியவில்லை. ஒமிக்ரான் காலத்துச் சோதனையில் தொற்றைத் தடுத்தது 6 மாதம் முதல் 2 வயதுக்குள் 51 சதவீதம், 2 முதல் 5 வயதுக்கு 37 சதவீதம். அவளுக்கு ஏப்ரலில் கொரோனாவும் வந்துபோயிற்று. மூன்று நாள் காய்ச்சல், நாய் குரைப்பது போன்ற இருமல், நீராவியோடு குளியலறையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். அந்த இரவுதான் என்னைப் போட வைத்தது என்று நினைக்கிறேன், 37-உம் 51-உம் இல்லை.

அமெரிக்காவில் ஜூலையில் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை உள்ளவர்களில் 43 சதவீதம் பேர் நிச்சயம் போடமாட்டோம் என்றார்கள். போன வருடம் என்றால் அவர்கள் மேல் கோபப்பட்டிருப்பேன். இன்று படவில்லை. டென்மார்க்கின் சுகாதாரத் துறைத் தலைவரே, திரும்பிப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் போட்டதில் பெரிய பலன் இல்லை என்று ஜூனில் சொன்னார். அக்கா தன் பெண்ணுக்குப் போடவில்லை. போடு என்று நான் சொல்லவும் இல்லை. தட்டம்மை பற்றி மட்டும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும்.

2 ஏப்ரல் 2023

உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆரோக்கியமான பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி முன்னுரிமை குறைந்தது என்று போன வாரம் சொன்னதை வைத்து, ‘பார்த்தீங்களா, நீங்க போட்டது வீண்’ என்று எனக்கு எழுதியிருக்கிறார்கள்.

வீண் இல்லை. ஜனவரி 2022-இல் என் பையனுக்குக் கொரோனா வந்ததில்லை, பள்ளி எப்போது மூடும் என்று தெரியாது, வீட்டில் ஒரு கைக்குழந்தை. இன்று அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவையாவது வந்துபோய்விட்டது. கணக்கு மாறியதால் விடை மாறியிருக்கிறது. அதே அறிக்கையின் அடுத்த வரியையும் படியுங்கள்: தட்டம்மை, ரோட்டா வைரஸ், நிமோனியா போன்ற வழக்கமான பிள்ளைத் தடுப்பூசிகளின் பலன் இதைவிட எவ்வளவோ பெரியது என்கிறார்கள்.

போன மாதம் தட்டம்மை இரண்டாவது டோஸுக்கு அக்கா கூப்பிட்டாள். “நீயும் வா, எனக்குப் பார்க்க முடியாது.” போனேன். குழந்தையை அவள் மடியிலேயே உட்கார வைத்தோம். ஊசி உள்ளே போகும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். பிள்ளை அழுத அழுகையைவிட அவள் பிடி வலித்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்து, “எவ்வளவு நாளா இது தலைக்குள்ள இருந்துச்சு தெரியுமா” என்றாள். அவள் ஒரு நாளும் ஊசியை எதிர்த்தவள் இல்லை. தனியாகப் போய் அந்த நாற்காலியில் உட்கார முடியாமல் இருந்தவள். இதை நான் ஒன்றரை வருடம் முன்பே கேட்டிருக்கலாம், கூட வரட்டுமா என்று.

முதல் கேள்வி கேட்ட அம்மா, நீங்கள் இன்னும் இதைப் படிக்கிறீர்களா? சோதனை எலி என்று நீங்கள் எழுதியதற்கு அன்று கோபப்பட்டேன், அதில் இருந்த பயத்தைப் படிக்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு இப்போது ஆறு முடிந்திருக்கும். அந்த வயதுக்கு டிபிடி பூஸ்டர் ஒன்று உண்டு. போட்டாயிற்றா?